பூவுக்கு ஏது காணி உறுதி

பெற்று இருபத்தொரு நாளான பிள்ளையின் பேரை மாற்றச் சொல்லி முதலாளி வீட்டிலிருந்து ஆள் அனுப்புவார்கள் என்று நஜ்முன் நிஸா கனவிலும் நினைத்தவளல்ல. அப்படி அனுப்பிய ஆளும் வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன் சரீபேதான். அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்ததே அதில்தான்.

சரீப், மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடும் ஸஹாப்தீன் முதலாளியின் லோஞ்சில் சுக்கான் பிடிப்பவன். வாடைக் காற்றில் குடாக் கடல் புரண்டு எழும்பினாலும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஆட்களைக் கரை சேர்க்கிற மனுஷன். அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தவன் அறைத் திரையைப் பிடித்தபடி, உள்ளே வரவும் மாட்டாமல் வெளியே போகவும் மாட்டாமல் நின்றான்.

"என்ன, லோஞ்ச் பழுதா?" என்று கேட்டாள் நஜ்முன் நிஸா.

"இல்ல."

"மறுகா?"

"முதலாளிட பொஞ்சாதி கூப்பிட்டு அனுப்பினா. நம்மட புள்ளைக்கி வேற பேர் வைக்கட்டாம்."

அவளுக்கு விளங்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நம்மட புள்ளைக்கிப் பேர் வைக்க அவ ஆரு?"

"யாஸ்மின் எண்ட பேரை அவட மகளுக்கு வெச்சிட்டாவாம். முந்தாநாள்தான் ஏழாம் நாள் கழிஞ்சது. ஒரே ஊரில லோஞ்ச் ஓட்டுறவன்ட மகளுக்கும் அதே பேர் எண்டா நல்லாரிக்காதாம். நாம இன்னம் பதியல்லத்தானே, மாத்தலாமாம்."

அட அல்லாஹ்வே! இப்படியும் ஒரு கதை உண்டா? கேட்டவளும் வெட்கப்படவில்லை, கேட்டு வந்தவனும் வெட்கப்படவில்லை. நஜ்முன் நிஸாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரிந்தது.

அந்தப் பேர் சும்மா வந்த பேரா? இந்தப் பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாயிருக்கும்போது அவளுக்குக் கால் இரண்டும் வீங்கித் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். சோற்றைக் கண்டாலும் ஓங்காளம், தேத்தண்ணியைக் கண்டாலும் ஓங்காளம். பக்கத்துக் கட்டிலில் கோணேஸ்வரி என்றொரு பெண், சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்காரி. அவளுடைய புருஷன் கடலில் தொழில் முடித்து வந்து, பின்னேரம் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு முழம் மல்லிகைப் பூ கொண்டு வருவான். அவள் அதைப் பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை நஜ்முன் நிஸாவின் தலையணைக்குக் கீழே வைப்பாள். "மணந்து பாருங்கோ அக்கா, ஓங்காளம் நிக்கும்" என்பாள். நின்றது. அந்தப் பதினொரு நாளும் அவள் வயிற்றில் நின்ற சோறெல்லாம் அந்த மணத்தால்தான் நின்றது. பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் இந்தப் பூவின் பேர்தான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

மல்லிகா என்று வைக்க ஊர் விடாது. ஆகவே பேர் பார்த்துச் சொல்லுகிற முஹம்மது தம்பி லெவ்வையிடம் ஆள் அனுப்பினாள். மல்லிகைப்பூ என்று அர்த்தம் வருகிற பேர் நம்முடைய ஆட்களுக்குள் இருக்கிறதா என்று கேட்டு. லெவ்வை மூன்று நாள் கிதாபுகளைப் புரட்டிவிட்டு அவரே வந்து படலையடியில் நின்று சொன்னார்.

"யாஸ்மின். மல்லிகைப்பூ எண்டுதான் அர்த்தம். மூதூரில ஒருத்திக்கும் இல்ல. தைரியமா வையுங்க."

அது அறுபத்திரண்டாம் ஆண்டு. அந்தக் காலத்தில் கடற்கரைத் தெருவில் நின்று "பாத்திமா" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். "ஆயிஷா" என்றால் ஐந்து வீடு. நஜ்முன் நிஸாவின் மூத்த இரண்டு பையன்களுக்கும் புருஷன் வீட்டாரே பேர் வைத்தார்கள். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வீடு வாப்பா கட்டித் தந்தது, தாலி மாமி தெரிந்தெடுத்தது, உடுக்கிற சேலைகூட சரீப் திருகோணமலைக் கடையில் தன் பாட்டில் எடுத்து வருவது. அவளே தேடி, அவளே கேட்டு, அவளே வைத்ததென்றால் இந்தப் பேர் ஒன்றுதான். ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கி, லெவ்வை அதன் காதில் மூன்று தரம் யாஸ்மின் என்று சொன்னபோது திரைக்குப் பின்னால் நின்று அழுதாள்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் அதே லெவ்வை முதலாளி வீட்டில் பலகாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "ஊரில ஒருத்தருக்கும் இல்லாத பேரா ஒண்டு செல்லுங்க லெவ்வை" என்று கேட்டிருக்கிறாள் முதலாளியின் மனைவி ஜெமீலா. லெவ்வையும் புதுசாய்க் கண்டெடுத்ததை அப்படியே எடுத்து நீட்டிவிட்டார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தன் வாயாலேயே ஓதியதை மறந்துதான் போனாரா, அல்லது சுக்கான்காரன் வீடு அவருக்கு ஊர்க் கணக்கில் வரவில்லையா, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"மாத்த ஏலாது" என்றாள் நஜ்முன் நிஸா. "போய்ச் செல்லுங்க."

"நான் எப்பிடிப் போய்ச் செல்ற?"

"வந்து எனக்குச் சொன்னீங்கதானே, அப்பிடித்தான்."

சரீப் போனானோ, சொன்னானோ, சொன்னால் எப்படிச் சொன்னானோ. நாலாம் நாள் முதலாளி வீட்டு உறவுக்காரி, சித்தி பரீதா என்பவள், ஒரு தட்டத்தை மூடிக்கொண்டு வந்து இறங்கினாள். தட்டத்தில் பூப்போட்ட சட்டை இரண்டு, பவுடர் டின், வாசனைச் சவர்க்காரம். பாயில் உட்கார்ந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தினாள்.

"எங்கட ஜெமீலா ராத்தா ஆசையா அனுப்பின. நல்ல நல்ல பேரெல்லாம் சொல்லி விட்டா. றஹ்மா எண்டு வையன் புள்ள. எவ்வளவு அழகான பேர்!"

"அழகான பேரெண்டா அவட மகளுக்கு வைக்கட்டும்."

"அப்பிடிக் கதைக்கப்படாது. அவங்க முதல்ல ஆசைப்பட்டுட்டாங்க."

"என்ட மக முதல்ல பொறந்திட்டா."

சித்தி பரீதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "கேளு புள்ள, நாளைக்கு ரெண்டும் ஒரு பள்ளிக்குடத்துக்குப் போகும். யாஸ்மின் எண்டு கூப்பிட்டா முதலாளிட மகளும் எழும்பி, உன்ட மகளும் எழும்பினா என்ன மாதிரி? ராத்தாக்குத் தலை நிமித்த ஏலுமா?"

"ஏன் ஏலாது? என்ட மகளுக்கென்ன, சொறி சிரங்கா?" நஜ்முன் நிஸாவின் குரல் வேலிக்கு அங்கால் கேட்டது. "காணிக்கு உறுதி எழுதி முடிக்கிறாங்க, வயலுக்கு உறுதி முடிக்கிறாங்க. பூவுக்கும் ஆரும் உறுதி முடிச்சு வெச்சிரிக்காங்களா? மல்லிகை முதலாளிட வளவில மட்டுந்தான் பூக்குதா? இந்தத் தட்டத்தையும் தூக்கிட்டுப் போங்க, என்ட புள்ளைக்கி இந்த மணம் ஒத்துக்கொள்ளாது!"

பக்கத்து வளவில் கிடுகு பின்னிக்கொண்டிருந்த அசனாவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். கிடுகைப் போட்டுவிட்டு, வேலி ஓட்டைக்குள்ளால் ஒரு சொல் விடாமல் கேட்டாள். பின்னேரத்துக்குள் தெரு முழுவதும் கேட்டது.

ஆனால் சொல்லால் வென்றதைப் புருஷன் தோற்றுக்கொண்டு வந்தான். முப்பத்துமூன்றாம் நாள் பின்னேரம் அவன் நேராக அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நாளைக்குப் பதியப் போறன். றஹ்மா எண்டுதான் பதியிற. இல்லாட்டி சுக்கானை வேற ஆளுக்குக் குடுக்கட்டுமெண்டு முதலாளி சொல்லிட்டாரு. நீ வீட்டில விருப்பமான மாதிரிக் கூப்பிடு. ஆரு கேக்கப் போற?"

"வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிக் கூப்பிட என்ட புள்ள களவெடுத்த சாமானா?"

"மூணு புள்ளைக்கிச் சோறு போடணும் நஜ்மு."

"சோத்துக்குப் பேரை வித்தா நாளைக்கு என்னத்தைக் கேப்பாங்க? வீட்டையா?"

விடிய எழும்பி வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு அவன் போனான். படலை சாத்திய சத்தம் கேட்டு நூறு எண்ணுகிற நேரம் இருந்திருப்பாள். பிறகு எழும்பினாள், சேலைத் தலைப்பால் முக்காடு போட்டாள், பிள்ளையைத் துணியால் சுற்றித் தூக்கினாள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது கழியாமல் படலை தாண்டுவதில்லை. மூதூரில் மட்டுமா, கிண்ணியாவிலும் இல்லை, திருகோணமலை நகரத்திலும் இல்லை. வீடு பற்றி எரிந்தாலொழிய வெளிக்கிட மாட்டார்கள். ஆண்பிள்ளைகள்தான் போவார்கள், ஆண்பிள்ளைகள்தான் பதிவார்கள், அவர்கள் எதைச் சொல்லிப் பதிகிறார்களோ அதுதான் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும். உள்ளே பத்தியச் சோறு தின்றுகொண்டிருக்கிறவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

அசனா வேலிக்கு மேலால் கண்டுவிட்டாள். "ராத்தா! இதென்ன இது? நாப்பது கழியல்ல! ஊர் என்ன செல்லும்?"

"ஊர் செல்றதை வந்து கேக்கிறன். வெயிலாரிக்கி, உன்ட குடையைத் தா."

அசனா குடையைக் கொடுக்கவில்லை. தானே விரித்துப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கித் தாங்கிக் கூடவே நடந்தாள். கடற்கரைத் தெருவில் மீன் அலசிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி "அல்லாஹ்வே" என்று நெஞ்சில் கை வைத்தாள். நஜ்முன் நிஸா யாரையும் பார்க்கவில்லை. காலில் இன்னும் வீக்கம் இருந்தது. பதிவுகாரர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பிறப்பு இறப்புப் பதிவுகாரர் இராசநாயகம் தன் வீட்டு விறாந்தையில்தான் மேசை போட்டிருந்தார். முன்னால் இரண்டு கதிரை. ஒன்றில் சரீப். மற்றதில் முதலாளியின் கணக்கப்பிள்ளை அன்ஸார். கூடவே காவலுக்கு ஆள் விட்டிருக்கிறார்கள்! அதைக் கண்டதும் அவளுக்கு மூச்சு வாங்கினதும் மறந்துபோயிற்று.

"யாஸ்மின் எண்டு எழுதுங்க ஐயா" என்றாள் படியில் நின்றபடியே.

சரீப் பதறிப்போய் எழும்பினான். பதிவுகாரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருங்கோ பிள்ளை. முதல்ல இருங்கோ. தகப்பன் றஹ்மா எண்டெல்லோ சொல்லுறார்."

"எழுதிட்டீங்களா?"

"திகதி எழுதினனான். பேர் இன்னும் எழுதேல்லை."

"அப்ப நல்லம். அல்லாட முன்னுக்குக் காதில ஓதினது யாஸ்மின். அவனுக்கொரு பேர், கவர்மெண்டுக் கச்சேரிக்கொரு பேர் எண்டு ரெண்டு பேர் என்ட புள்ளைக்கி வேணாம்."

அன்ஸார் தொண்டையைச் செருமினான். "தங்கச்சி, முதலாளி நல்ல மனுஷன். சின்ன விஷயத்துக்குப் பகைக்கப்படாது."

"சின்ன விஷயமெண்டா அவரு விடட்டும்!" அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "முதலாளிக்கு லோஞ்ச் இரிக்கி, கடை இரிக்கி, வயல் இரிக்கி. எனக்கு இந்தப் பேர் ஒண்டுதான் இரிக்கி. அதையும் தா எண்டு கேட்டு ஆள் அனுப்ப உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையா? அவட மகளுக்கு வைக்க வேணாமெண்டு நான் ஒரு நாள் சொன்னனா? எனக்கும் வேணுமெண்டுதானே செல்றன்!"

சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதது. பதிவுகாரர் சரீபைப் பார்த்தார்.

"தம்பி, தாயும் சொல்லலாம், தகப்பனும் சொல்லலாம். ஆளுக்கொரு பேர் சொன்னா நான் எழுதேலாது. ஒண்டைச் சொல்லுங்கோ."

சரீப் அன்ஸாரைப் பார்த்தான். பிறகு, முக்காடு நனைய வியர்த்துப்போய், வீங்கின காலோடு படியில் நிற்கிற பெண்சாதியைப் பார்த்தான். அவன் எதையும் யோசித்து முடிக்க எப்போதும் நேரமெடுப்பவன். அன்றும் எடுத்தான்.

"தாய் செல்றதை எழுதுங்க ஐயா" என்றான்.

மறுநாள் சுக்கானில் வேறொருவன் நின்றான். எட்டு வருஷம் ஒரு உயிரைக்கூடக் கடலில் விடாதவனை ஒரு நாளில் இறக்கிவிட்டார்கள், அதுவும் ஒரு பூவின் பேருக்காக. சரீப் கரைவலை இழுக்கப் போனான். நஜ்முன் நிஸா மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்றாள். நெருக்கடிதான். ஆனால் சரீப் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கை வெடித்து ரத்தம் வந்த நாட்களிலும் வாசலில் நின்று "யாஸ்மின்" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவான்.

நாற்பது கழியாமல் வெளிக்கிட்டதற்காகத் தெருப் பெண்கள் ஒரு மாதம் அவளை வைதார்கள். வைது முடிந்த கையோடு அசனாவுக்குப் பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை. ஏழாம் நாள் பேரைக் கேட்ட நஜ்முன் நிஸாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! வேலியடிக்கே போய்விட்டாள்.

"என்னடி அசனா, உனக்கும் யாஸ்மின்தானா? நான் இவ்வளவு பாடுபட்டு எடுத்த பேரை நீ சும்மா தூக்கி வெச்சிட்டியே?"

அசனா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் ராத்தா, பூவுக்கு நீங்களும் உறுதி முடிச்சு வெச்சிரிக்கீங்களா?"

நஜ்முன் நிஸா வாயை மூடிக்கொண்டு வந்து அடுப்பை ஊதினாள். இரண்டு நாள் அசனாவோடு கதைக்கவுமில்லை. தன் சொல்லே தன்னைச் சுட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மூன்றாம் நாள் ஒரு சட்டை தைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. வலைகாரன் வீட்டில் ஒரு யாஸ்மின், விறகு பிளக்கிறவன் வீட்டில் ஒரு யாஸ்மின், ஒரே தெருவில் ஒரே வருஷத்தில் ஏழு. அடுத்த வருஷம் லோஞ்ச் வந்து கட்டுகிற ஜெட்டியடியிலும் தொடங்கிற்று. "ஆரும் உறுதி முடிச்சு வெச்சிரிக்காங்களா?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். லெவ்வைக்குப் பேர் தேடுகிற வேலையே இல்லாமல் போயிற்று. போகிற வீடெல்லாம் அவர் வாயைத் திறக்குமுன் பேரை அவர்களே சொன்னார்கள்.

அறுபத்தெட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். முதல் நாள் ரீச்சர் "யாஸ்மின்" என்று இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்டதும் ஒன்பது பிள்ளைகள் எழும்பி நின்றார்களாம். மகள் வந்து சொன்னபோது நஜ்முன் நிஸா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

முதலாளி மகளும் அதே வகுப்புத்தான். ஆனால் எழும்பின ஒன்பதில் அவள் இல்லை. அவளுடைய பேர் குர்ரதுல் ஐன் என்றது பிள்ளை. நஜ்முன் நிஸா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மூச்சு முட்டுகிற பேராய்ப் பார்த்து வைத்துவிட்டார்கள், நல்லாயிருக்கட்டும் என்றிருந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டதும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கடற்கரைத் தெருவுக்கு வந்துவிடும். கோணேஸ்வரி லோஞ்சில் யார் கையிலோ கொடுத்தனுப்பிய மல்லிகைக் கன்று நஜ்முன் நிஸாவின் கிணற்றடியில் பந்தலாய்ப் படர்ந்திருந்தது. பிள்ளைகள் அதன் கீழேதான் விளையாடும். ஒரு நாள் அவள் குசினி வாசலில் நின்று, "யாஸ்மின்! இஞ்ச வா" என்று மகளைக் கூப்பிட்டாள். வழக்கம்போல் ஐந்தாறு தலை திரும்பியது. திரும்பின தலைகளில் முதலாளி மகளின் தலையும் ஒன்று.

"உன்னை இல்ல கண்ணே. நீ குர்ரதுல் ஐன்."

"நானும் யாஸ்மின்தான்" என்றது பிள்ளை. "முந்தி அப்பிடித்தான் கூப்பிட்ட. இப்ப கூப்பிட்டா உம்மா அடிக்கிற."

"ஏனாம்?"

"அது கருவாட்டுக்காரிகள்ட பேராம். வாப்பா கச்சேரிக்குப் போய் மாத்திட்டாங்க."

பிள்ளை குற்றம் செய்ததுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. நஜ்முன் நிஸாவுக்கு ஆறு வருஷத்துக்கு முந்திய எரிவு அப்படியே திரும்பி வந்தது. இல்லை, அதைவிட மோசமாய் வந்தது. அன்றைக்கு அவளுடைய பிள்ளையிடமிருந்து பறிக்கப் பார்த்தார்கள். அதற்குத் தாய் இருந்தாள், தடுத்தாள். இந்தப் பிள்ளையிடமிருந்து தாயே பறித்திருக்கிறாள். இதற்காக யார் பதிவுகாரர் வீட்டுக்கு ஓடுவது?

கையில் மீன் செதிலோடு அப்படியே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதலாளி வீட்டு இரும்புக் கேற்றுக்கு முன்னால் வந்து நின்று, "ஜெமீலா ராத்தா!" என்று கூப்பிட்டாள். தெரு நின்று பார்க்கிற சத்தம்.

ஜெமீலா விறாந்தைக்கு வந்தாள். ஆறு வருஷமாய் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இந்தப் புள்ளைக்கிக் காதில ஓதின பேர் என்ன?"

"அது எங்கட வீட்டு விஷயம்" என்றாள் ஜெமீலா.

"அண்டைக்கு என்ட வீட்டு விஷயத்துக்குத் தட்டம் அனுப்பினீங்கதானே. நான் தட்டம் கொண்டு வரல்ல, வாயோட வந்திரிக்கன். அண்டைக்கு நான் என்ன சொன்ன? உங்கட மகளுக்கு வேணாமெண்டா? என்ட மகளுக்கும் இரிக்கட்டுமெண்டுதானே? உங்கட லோஞ்சில இருந்த வேலை போச்சு, என்ட மனுஷன்ட கை போச்சு, அதையெல்லாம் நான் கேக்க வரல்ல. எங்கட வாயில பட்டா பூவும் நாறிப் போகுமா? அதுக்காகப் பெத்த புள்ளைட பேரையா புடுங்குற? வாப்பா மாத்தினாராம், உம்மா அடிக்கிறாவாம்! அது என்ன பாவம் செஞ்சது?"

ஜெமீலாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. கேற்றைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து மட்டும் அதட்டினாள்.

"குர்ரதுல் ஐன், உள்ளுக்கு வா."

பிள்ளை அசையவில்லை. நஜ்முன் நிஸாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"குர்ரதுல் ஐன்!"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். மல்லிகைப் பந்தலடியிலிருந்து ஓடி வந்த யாஸ்மின்கள் எல்லாரும் பின்னால் மூச்சிரைக்க நின்றார்கள்.

ஜெமீலா படியிறங்கி வந்தாள். கேற்றைத் திறந்து அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தெருவுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தி,

"யாஸ்மின்" என்றாள். "உள்ளுக்கு வா மகள்."

பிள்ளை கையை உதறிவிட்டு ஓடிற்று.

நஜ்முன் நிஸா திரும்பி நடந்தாள். வழி நெடுகக் கோபம் ஆறவில்லை. தன் வளவுப் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு, "என்ட முன்னுக்கு இந்த ஒரு பேரைச் செல்ல அவளுக்கு ஆறு வருஷம்!" என்று கிணற்றடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சரீபுக்குக் கேட்கச் சொன்னாள்.